பூட்டிய கதவுக்குள் ஒரு பந்தாட்டம்

எட்டாம் தரத்திலிருந்து நான் எமது கல்லூரியின் வலைப்பந்தாட்ட அணியில் இருக்கிறேன். நான் ஆடுவது கோல் டிஃபென்ஸ் இடத்தில். சென்ற வருடம் ஆறாம் தரத்து மாணவியருக்கு ஆட்ட விதிகளைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும், மற்றவள் கையில் இருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது, உனக்குரிய பகுதியின் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். முன்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை கையை உயர்த்தி, “பறிக்காட்டி பந்து எப்படி ராத்தா எங்களுக்கு வரும்? ஆரு இந்தச் சட்டத்தைப் போட்டது?” என்று கேட்டது.

முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. இடையில் பாய்ந்து மறிக்கலாம், பந்து காற்றில் இருக்கும்போது பிடிக்கலாம் என்றேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் பார்த்தேன். வலைப்பந்தாட்டத்தின் மூலம் கூடைப்பந்தாட்டம் என்பதும், பெண்களுக்கான முதல் கூடைப்பந்தாட்ட விதிகளை வகுத்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை என்பதும் தெரியவந்தன. அவர் பெயர் செண்டா பெரன்சன். அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது, எங்கள் அணியில் சென்ற வருடம் நடந்த ஒரு விடயத்தை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அதனாலேயே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

செண்டா 1868 ஆம் ஆண்டு லித்துவேனியாவில் புட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் முதலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போக, 1875 இல் குடும்பத்தினர் பின்தொடர்ந்தார்கள். வல்வ்ரொஜென்ஸ்கி என்ற குடும்பப் பெயர் அங்கே பெரன்சன் ஆயிற்று. தந்தையார் வீடு வீடாகப் பாத்திரங்கள் விற்றுப் பிழைத்தார். மூத்த மகன் பேர்னார்ட் பெரன்சன் பிற்காலத்தில் ஓவியக்கலை ஆய்வாளராக உலகப் புகழ் பெற்றார். மகள் செண்டா நோஞ்சான் பிள்ளை. பியானோ கற்பதற்காக இசைக் கல்லூரியில் சேர்ந்தவருக்கு முதுகுவலியால் நீண்ட நேரம் அமர்ந்து பயிற்சி செய்ய முடியவில்லை. இசை நின்றுபோயிற்று.

உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றுதான் 1890 இல் பொஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியர் கலாசாலைக்கு அவரை அனுப்பினார்கள். மேரி ஹெமன்வே என்ற செல்வந்தப் பெண்மணி ஏமி மொரிஸ் ஹோமன்ஸ் என்பவரோடு சேர்ந்து அதற்கு முந்திய வருடம் தொடங்கிய கலாசாலை அது. சுவீடன் நாட்டு முறையிலான உடற்பயிற்சி அங்கே கற்பிக்கப்பட்டது. ஆரம்பத்தில் சில நிமிடங்கள் நிமிர்ந்து நிற்பதே செண்டாவுக்கு வேதனையாக இருந்திருக்கிறது. பிடிக்காமல் போனவர், மாதங்கள் செல்லச் செல்லத் தன் உடம்பு மாறுவதைக் கண்டு அதிலேயே ஒன்றிப் போனார். விளையாட்டில் பிறவித் திறமை உள்ளவர்கள்தான் பயிற்றுவிப்பாளர் ஆவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். இவரோ நோயாளியாக உள்ளே போய் ஆசிரியையாக வெளியே வந்தவர்.

1892 ஜனவரியில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நோர்த்தாம்ப்டன் நகரிலுள்ள ஸ்மித் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. 1875 இல் பெண்களுக்காகவே திறக்கப்பட்ட கல்லூரி அது. அன்றைய பெற்றாரின் மனதிலிருந்த ஓர் அச்சத்தை இங்கே சொல்ல வேண்டும். 1873 இல் எட்வர்ட் கிளார்க் என்ற பொஸ்டன் வைத்தியர், பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைப் போல மூளையை வருத்திப் படித்தால் அவர்களது உடல் கெட்டுவிடும், தாய்மைக்குரிய ஆற்றல் குன்றிவிடும் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். எழுதியவர் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடையவர். சாதாரண மனிதர் சொன்னால் தள்ளிவிடலாம், படித்த வைத்தியர் சொன்னால் தாய்தகப்பன் நம்பத்தானே செய்வார்கள்? ஆகவே பெண்கள் கல்லூரிகளுக்கு உடற்பயிற்சி மிக அவசியமாயிற்று. ‘உங்கள் பிள்ளை நலமாகத்தான் இருக்கிறாள்’ என்று காட்ட வேண்டிய கடமை அவற்றுக்கு இருந்தது. செண்டாவின் வேலையின் அடியில் இருந்தது இந்தக் கடமைதான்.

ஆனால் மாணவியருக்கோ கையைத் தூக்கு, காலை மடக்கு என்ற பயிற்சி சலித்துப் போயிருந்தது. (எங்கள் காலைக் கூட்டத்து உடற்பயிற்சியை நினைத்துப் பார்த்தால் அவர்கள்மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.) நோர்த்தாம்ப்டனிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசெம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காக, பீச் பழக்கூடைகளை உயரத்தில் கட்டி அவற்றுக்குள் பந்தைப் போடும் ஓர் ஆட்டத்தை ஆண் மாணவர்களுக்காக உருவாக்கியிருந்தார். அதைப் பற்றி வாசித்த செண்டா, தன் மாணவியருக்கும் அதைப் பழக்கிப் பார்த்தார்.

1893 மார்ச் 22 ஆம் திகதி ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி மண்டபத்தில் முதலாம் வருட மாணவியரும் இரண்டாம் வருட மாணவியரும் மோதினார்கள். பெண்களின் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் முதன்மையாகச் சொல்லப்படும் போட்டி இது. மாணவியர் அணிந்திருந்தது புளூமர் எனப்படும் அகன்ற காற்சட்டை. அந்த உடையில் அவர்களை வெளி ஆண்கள் பார்ப்பது தகாது என்று கருதப்பட்டதால் ஆண் பார்வையாளர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. கதவு பூட்டப்பட்டது. உள்ளே தத்தம் வகுப்பு நிறங்களோடு திரண்டிருந்த மாணவியரின் ஆரவாரம் மண்டபத்தை நிறைத்தது.

ஆட்டம் தொடங்கிய கணமே ஒரு விபத்து. நடுவில் நின்று பந்தை மேலே எறிந்தவர் செண்டா. அந்தப் பந்து முதலாம் வருட அணியின் நடு ஆட்டக்காரியின் உயர்த்திய கையில் பட்ட விதத்தில் அவளது தோள்மூட்டு விலகிவிட்டது. அவளை அறைக்குள் கொண்டுபோய் மூட்டைச் சரி செய்தார்கள். வேறொருத்தி அவளிடத்துக்கு வந்தாள். ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாம் வருட அணி 5 இற்கு 4 என வென்றது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று யோசித்தேன். பெண்ணின் உடம்பு தாங்காது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். முதற் பந்திலேயே ஒரு பிள்ளையின் தோள் விலகுகிறது, அதுவும் ஆசிரியை எறிந்த பந்தால். அன்றே அந்த விளையாட்டை நிறுத்தியிருந்தால் எவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். செண்டா நிறுத்தவில்லை. பெற்றாரின் அச்சம் பொருளற்றது என்று வாதாடியதாகவும் தெரியவில்லை. அவர் விதிகளைத் திருத்தினார்.

ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. எதிரணியினரின் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கவோ தட்டிவிடவோ கூடாது. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நிலத்தில் மூன்று தடவைக்கு மேல் தட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆறாம் தரத்துப் பிள்ளையின் கேள்விக்கு விடை ஏறத்தாழ இங்கே இருந்தது.

இவை களைப்பையும் காயத்தையும் குறைப்பதற்காக வந்த விதிகள். அதேவேளை இவற்றில் இன்னொரு பயனும் இருந்தது. கோடு இருப்பதால் கெட்டிக்காரி ஒருத்தி மைதானம் முழுவதும் ஓடி எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது. பந்து பலரது கைகளைக் கடந்துதான் கூடைக்குப் போக வேண்டும். கூட்டாக ஆடப் பழகுவது பெண்களுக்கு மிகவும் தேவை என்று செண்டா நம்பினார். இதன் பலனை நாம் நம் நாட்டு அணியிலேயே காணலாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2 மீற்றருக்கும் கூடிய உயரம் உடையவர். 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவர். கோல் ஷூட்டராகிய அவர் தனக்குரிய மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வர முடியாது. மற்றவர்கள் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அவரது உயரம் உதவும்.

செண்டா கூடைப்பந்தாட்டத்தோடு நின்றவர் அல்லர். இன்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிப் பயிற்றுவிப்பாளர் இருக்கிறார். அன்று எல்லாம் ஒருவரே. 1897 இல் சுவீடனுக்குப் போய் ஸ்டொக்ஹோமில் உள்ள அரச உடற்பயிற்சி நிறுவனத்தில் மேலும் கற்றார். வாட்போரையும் நாட்டார் நடனங்களையும் கல்லூரிக்குள் கொண்டுவந்தார். 1901 இல் கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பி என்ற ஆங்கிலேயப் பெண்மணியோடு இணைந்து ஹொக்கி விளையாட்டை ஸ்மித் மாணவியருக்கு அறிமுகம் செய்தார். உடல் நலிந்த மாணவியருக்குத் தனித்தனியாக ஏற்ற பயிற்சிகளையும் கொடுத்தார். தான் நலிந்திருந்த காலத்தை அவர் மறக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இதற்கிடையில் பெண்களின் கூடைப்பந்தாட்டம் நாடெங்கும் பரவி, ஊருக்கொரு விதியாக ஆடப்பட்டது. 1899 இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்கல்வி மாநாட்டில் விதிகளை ஒருமுகப்படுத்த ஒரு குழு அமைத்தார்கள். அந்த விதிநூல் 1901 இல் செண்டாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது.

இனி, அவரோடு நான் உடன்படாத இடத்தையும் எழுத வேண்டும். கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையிலான போட்டிகளை அவர் விரும்பவில்லை. வகுப்புகளுக்கு இடையே ஆடினால் போதும், வெளியே போனால் வெறியும் முரட்டுத்தனமும் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் 1896 ஏப்ரல் 4 ஆம் திகதியே ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் சான் பிரான்சிஸ்கோவில் மோதிவிட்டன. ஸ்டான்ஃபோர்ட் 2 இற்கு 1 என வென்றது. அங்கும் பார்வையாளர் பெண்கள் மட்டுமே. வெளிப்போட்டி நடத்தினாலும் கண்ணியத்தைக் காக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று, தோளையும் நெஞ்சையும் காப்பதற்காகப் போட்ட கோடுகள் தேவை தீர்ந்த பிறகும் அழியவில்லை. 1938 இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. முழு மைதானத்திலும் ஐவர் ஆடும் முறை அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு 1971 இல்தான் வந்தது. அயோவா மாநிலப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் 1993 வரைக்கும் பாதி மைதானத்திலேயே ஆடினார்கள். நெடுந்தூரம் ஓடினால் பெண்ணின் உடம்பு கெடும் என்று எவரும் நம்பாத காலத்திலும் அந்தக் கோடு கிடந்தது. இதற்குச் செண்டாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் தன் காலத்துக்கு ஒரு விதி செய்தார். பின்வந்தவர்கள் அதைத் தொட யோசித்தார்கள்.

அமெரிக்காவில் கோடு போடப்பட்ட அதே காலத்தில் இந்த ஆட்டம் இங்கிலாந்துக்கும் போயிற்று. மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் அம்மையாரின் உடற்பயிற்சிக் கல்லூரியில் மாணவியர் இதைப் புல்வெளியில் ஆடினார்கள். மூன்று பகுதிகளாகப் பிரிக்கும் முறையும் அமெரிக்காவிலிருந்தே அங்கு வந்து சேர்ந்தது. அங்கு வளர்ந்ததே வலைப்பந்தாட்டம். பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் அது பரவியது. எமது கல்லூரித் திடலின் வெள்ளைக் கோடுகளுக்கு இவ்வளவு நீண்ட வழி இருக்கிறது.

அந்தப் பூட்டிய கதவு மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், கட்டார் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி மொங்கோலியாவுக்கு எதிராக ஆட வந்தது. தலையை மூடும் ஹிஜாபைக் கழற்றினால்தான் ஆடலாம் என்றார்கள். அவ்வீராங்கனைகள் கழற்ற மறுத்துப் போட்டியிலிருந்து விலகினார்கள். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதி அப்போது அப்படி இருந்தது. 2017 ஒக்டோபர் முதல் அந்த விதி மாற்றப்பட்டுத் தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. பெண்கள் ஆடுவதற்காகத் திருத்தி எழுதப்பட்ட ஆட்டம், வேறொரு காலத்தில் வேறு பெண்களை வாசலில் நிறுத்தி, பின்பு மீண்டும் ஒருமுறை திருத்தப்பட்டது.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு போட்டிக்காக வெளியிடம் ஒன்றுக்குப் போயிருந்தோம். உடை மாற்ற மறைவான இடம் இல்லை. திடலைச் சுற்றி இருந்தது கம்பிவேலிதான், வேலியோரத்தில் பொடியன்மார் கூட்டமாக நின்றார்கள். எங்களோடு வந்திருந்த இரண்டு வாப்பாமார் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் ஏழு பேர் மட்டுமே போயிருந்தோம். ஐவர் இருந்தால் ஆடலாம் என்ற விதி இருப்பதால் ஐவராக இறங்கினோம். எங்கள் சென்டரும் ஒரு விங் அட்டாக்கும் இல்லாமல் நாங்கள் எப்படித் தோற்றோம் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு வாப்பாமார் மீதும் பல மாதங்களாகக் கோபமாக இருந்தேன்.

செண்டாவைப் பற்றி வாசித்த பிறகுதான் அந்தக் கோபத்தை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விளங்கியது. அவர்களுக்கு விளையாட்டு பிடிக்காமல் இல்லை. வேலியும் மறைவிடமும்தான் பிரச்சினை. வேலிக்கு ஒரு துணி கட்டலாம். மறைவிடத்துக்கு ஓர் அறையைக் கேட்கலாம். போட்டிக்குப் போகுமுன் ஒருவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இவற்றை எழுதி, அணியிலுள்ள அனைவரும் கையொப்பமிட்டு அதிபரிடம் கொடுத்தோம். வெளியிடப் போட்டிக்கு முன் ஓர் ஆசிரியையும் ஒரு பெற்றாரும் இடத்தைப் பார்த்து வருவதென்று இப்போது ஏற்பாடாகியிருக்கிறது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு உம்மாமார் வந்து இருந்து பார்க்கவும் அனுமதி உண்டு.

என் வீட்டிலும் பேச்சு எழுந்தது. “மகள், இந்த வருஷம் ஏ.எல். இனிப் பந்தெல்லாம் போதும். சோதினை முடிஞ்ச பொறகு விளையாடலாம்தானே” என்றார் உம்மா. சோதனை முடிந்தால் பாடசாலையும் முடிந்துவிடும், பிறகு எந்தத் திடலில் விளையாடுவது என்று கேட்டேன். உம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை குடையோடு வந்து சுவரோரம் அமர்ந்திருந்தார். பாதி நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டினார், பாதி நேரம் எங்களைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில், நான் தேவையில்லாமல் பின்னுக்குப் போய் நிற்பதாகக் குறை சொன்னார். அது சரிதான். இரண்டாம் தவணை முடியும்வரை வாரத்தில் ஒரு நாள் என்று உடன்பட்டிருக்கிறோம்.

செண்டா 1911 இல் ஸ்மித் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹேர்பேர்ட் அபட்டை மணந்து அக்கல்லூரியை விட்டு விலகினார். அதன்பின் அதே ஊரில் மேரி பேர்ன்ஹம் பெண்கள் பாடசாலையில் 1921 வரை உடற்கல்விக்குப் பொறுப்பாக இருந்தார். பிற்காலத்தைக் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கழித்து 1954 இல் காலமானார். கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1985 இல். அவர்களில் செண்டாவும் ஒருவர். அப்போது அவர் இறந்து 31 வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் சென்டர் திரும்பி வந்துவிட்டாள். விங் அட்டாக்கின் வாப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. இந்தச் சஞ்சிகை வெளிவந்ததும் ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்கச் சொல்லி அவளிடம் கேட்டிருக்கிறேன்.